ஆசிரியர் படிப்புக்கு எவ்வளவு கடன் வாங்கலாம்?

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. மகள் ஆசிரியர் வேலைக்குப் போகலாமா என்பது ஒன்று. அதற்காக இவ்வளவு கடன் வாங்கலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு அவளே முடிவு சொல்லிவிட்டாள் என்பது நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது. அதனால் கடனை மட்டும் பேசுவோம்.

ஆசிரியர் வேலையில் ஒரு வசதி உண்டு, வருமானம் முன்கூட்டியே தெரிந்துவிடும். பெரும்பாலான நாடுகளில் அரசுப் பள்ளிச் சம்பளம் ஓர் ஊதிய அட்டவணைப்படிதான் நடக்கிறது. சேரும்போது எவ்வளவு, ஐந்தாம் ஆண்டில் எவ்வளவு, பத்தாம் ஆண்டில் எவ்வளவு என்று இன்றைக்கே பார்த்துக்கொள்ளலாம். மற்ற பல படிப்புகளுக்கு இந்தக் கணக்கு கிடைக்காது. அதே அட்டவணையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். சம்பளம் படிப்படியாகத்தான் ஏறும். ‘முதல் இரண்டு வருஷம் சிரமப்பட்டால் போதும், அப்புறம் சம்பளம் இரட்டிப்பாகிவிடும்’ என்ற நம்பிக்கை சில துறைகளில் பலிக்கும், இங்கே பலிக்காது. ஆகவே கடனை முதல் சில ஆண்டுச் சம்பளத்தோடுதான் ஒப்பிட வேண்டும், பதினைந்தாம் ஆண்டுச் சம்பளத்தோடு அல்ல.

அந்த அட்டவணை பட்டத்தைக் கேட்கும், பணி ஆண்டுகளைக் கேட்கும், கூடுதல் தகுதியைக் கேட்கும். கல்லூரியின் பெயரைக் கேட்காது! நீங்கள் இரண்டு கல்லூரிகளைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள், ஒன்றில் கட்டணம் மற்றதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. இரண்டிலும் அங்கீகாரம் பெற்ற ஒரே பட்டம்தான் என்றால், அரசுப் பள்ளியில் இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம். தனியார் பள்ளிகள் சில கல்லூரிப் பெயரைப் பார்க்கும், அதுவும் முதல் வேலைக்கு மட்டும். கூடுதல் கட்டணத்துக்கு ஒரே நல்ல காரணம் வகுப்பறைப் பயிற்சிதான். எத்தனை வாரம் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் திருத்தும் ஆசிரியர் உண்டா என்று கேளுங்கள். கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இனி கணக்கு. ஒரு லட்சம் கடன், ஆண்டு வட்டி 10 சதவீதம், பத்து ஆண்டில் அடைப்பது என்று வையுங்கள். மாதத் தவணை சுமார் 1,322 வரும். ஆனால் படிப்பு இரண்டு ஆண்டு, அதன்பின் வேலை தேட ஓர் ஆண்டு என்று மூன்று ஆண்டுகள் தவணை கட்டாமல் இருந்தால், சாதா வட்டி போட்டாலே 30,000 சேர்ந்து அசல் 1,30,000 ஆகிவிடும். தவணை சுமார் 1,718. கடைசியில் கட்டியிருப்பது இரண்டு லட்சத்துக்கும் மேல். தவணை இல்லாத காலம் வட்டி இல்லாத காலம் என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த மூன்று ஆண்டும் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்ட முடிந்தால் இந்தச் சுமை ஏறாது.

‘மொத்தக் கடன் ஓராண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது’ என்று பொதுவாகச் சொல்வார்கள். மேலே சொன்ன வட்டிக்கு அந்த விதியைப் போட்டுப் பார்த்தால், மாதச் சம்பளத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் தவணைக்கே போகும். மெதுவாக ஏறும் சம்பளத்துக்கு இது அதிகம் என்பது என் கருத்து. பாதியளவு, அதாவது ஆறு மாதச் சம்பளம் அளவுக்குக் கடன் இருந்தால் தவணை 8 சதவீதத்தில் நிற்கும், மூச்சு விடலாம். இதில் கடன் என்பது வாங்கும் தொகை அல்ல, தவணை தொடங்கும் நாளில் வட்டியோடு நிற்கும் தொகை.

எந்தச் சம்பளத்தை வைப்பது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நிரந்தரப் பணியின் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள். பட்டம் முடித்த பிள்ளையோ முதலில் ஒப்பந்த வேலையிலோ, விடுப்பில் போனவருக்குப் பதிலாகவோ, சிறிய தனியார் பள்ளியிலோதான் சேரும். அந்தச் சம்பளத்தில், அதுவும் கைக்கு வரும் தொகையில் போடுங்கள். விடுமுறை மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்றும் விசாரியுங்கள். ஓய்வூதியமும் விடுப்பும் இந்த வேலையின் நல்ல பலன்கள்தான், ஆனால் அவற்றை வைத்து இந்த மாதத் தவணையைக் கட்ட முடியாது. பட்டதாரிகளின் சராசரி வருமானம் என்று வரும் பட்டியல்களையும் அப்படியே நம்ப வேண்டாம். படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள், பகுதிநேரமாக வேலை செய்பவர்கள் எல்லாரும் அதில் கலந்திருக்கலாம்.

ஆசிரியர் பற்றாக்குறை இருக்கிறதே, வேலை உடனே கிடைக்காதா என்று கேட்டிருந்தீர்கள். 2030க்குள் உலகம் முழுக்கத் தொடக்க, இடைநிலைப் பள்ளிகளுக்கு மேலும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்று யுனெஸ்கோ கணக்கிட்டிருக்கிறது. தேவை இருப்பது வேறு, அந்த இடத்துக்குச் சம்பளம் ஒதுக்கி ஆள் எடுப்பது வேறு. பாடமும் முக்கியம். கணிதம், இயற்பியல், சிறப்புக் கல்வி ஆகியவற்றுக்குப் பல நாடுகளில் ஆள் கிடைப்பதில்லை. மகளுக்குப் பாடம் தேர்ந்தெடுக்க இன்னும் இடமிருந்தால், கடனைக் குறைப்பதற்கு அடுத்தபடியாக உதவக்கூடியது அதுதான்.

கடனின் வகையையும் பாருங்கள். ஆஸ்திரேலியா 1989 முதல் வருமானத்தைப் பொறுத்துத் திருப்பிக் கட்டும் முறையை வைத்திருக்கிறது. இங்கிலாந்திலும் அப்படித்தான், குறிப்பிட்ட வரம்புக்கு மேல் உள்ள சம்பளத்தில் மட்டும் 9 சதவீதம். சம்பளம் வரம்புக்குக் கீழே இருந்தால் கட்ட வேண்டியதில்லை. அப்படிப்பட்ட கடனுக்கு நான் மேலே சொன்ன ஆறு மாத அளவு அவ்வளவு கறாராகப் பொருந்தாது. வங்கிக் கடன் வேறு மாதிரி, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேதி வந்தால் தவணை வரும்.

ஆசிரியர்களுக்கென்று தரும் உதவித்தொகை இருந்தால் நிபந்தனையை முழுதாகப் படியுங்கள். அமெரிக்காவின் ‘டீச்’ உதவித்தொகை ஓர் உதாரணம். பற்றாக்குறைப் பாடத்தில், ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளியில், எட்டு ஆண்டுக்குள் நான்கு ஆண்டு பணி செய்ய வேண்டும். தவறினால் அது கடனாக மாறும், பணம் கொடுத்த நாளிலிருந்தே வட்டியும் சேரும். திருமணமோ, இடம் மாறுவதோ, உடல்நிலையோ குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

கடைசியாக, நீங்களும் சேர்ந்து கையெழுத்திடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பணி ஓய்வுக்கு இன்னும் எத்தனை ஆண்டு என்று அதில் சொல்லவில்லை. தவணைகள் அதற்குப் பிறகும் நீளும் என்றால், அவள் கட்டத் தவறும் மாதங்கள் உங்கள் ஓய்வூதியத்திலிருந்துதான் போகும். அந்த ஆண்டுக் கணக்கையும், இரண்டு கல்லூரிகளிலும் விடுதி, தேர்வு, பயணம் சேர்த்து ஆகும் முழுச் செலவையும், தவணை தொடங்கும் நாளில் கடன் எவ்வளவு நிற்கும் என்று வங்கி எழுத்தில் தரும் தொகையையும் வாங்கி அனுப்புங்கள். அவை வந்தபின் எந்தக் கல்லூரி என்று தெளிவாகச் சொல்கிறேன். அதுவரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.