வாகன விளக்கொளியும் சுற்றுச்சூழல் மாசுதானா?

ஆம். புகையையும் இரைச்சலையும் அளக்கும் நாம் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. தெருவிளக்கின் ஒளியை மூடியிட்டுக் கீழ்நோக்கித் திருப்பிவிடலாம். முகப்பு விளக்கோ கிடைமட்டமாகப் பாய்ந்து சாலையோரப் புதர்களுக்குள் நெடுந்தூரம் ஊடுருவுகிறது. இருளுக்குப் பழகிய விலங்கின் கண் ஒருமுறை கூசிவிட்டால் தெளிவடைய நேரமாகும். அதற்குள் அடுத்த வண்டி வந்துவிடுவதால், மான் சாலை நடுவிலேயே திகைத்து நின்றுவிடுகிறது. பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை நடைமுறையிலுள்ள போக்குவரத்துத் தடை, விலங்குகள் அடிபடுவதைத் தடுக்கவே வந்தது என்றாலும், காட்டுக்கு இருளையும் மீட்டுத் தந்திருக்கிறது.

சென்னைக் கடற்கரையில், தாழ்ந்த அடிவானத்தில் வெளிச்சமாகத் தெரிவதே கடல் என்று நம்பி ஊரும் பங்குனி ஆமைக் குஞ்சுகள் சாலையொளியை நோக்கிக் கடலுக்கு முதுகு காட்டி மணலில் ஏறுகின்றன. தன்னார்வலர்கள் முட்டைகளைத் தோண்டியெடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.