கேளுங்கள், பேசுவோம்: முகப்புக் கடை யாருக்கு?

பாலக்கோட்டில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் வாசகர்: எந்த ஆண்ட்ராய்டு போன் வந்தாலும் குரோம் முன்னாடியே இருக்கிறது. வேறு பிரவுசர் போட்டுக் கொடுங்கள் என்று ஒருத்தர்கூட கேட்டதில்லை. குரோம் அவ்வளவு நல்லதா, இல்லை இதில் வேறு விஷயம் இருக்கிறதா?

கூகுளின் குரோம் நல்ல பிரவுசர்தான் அண்ணா. 2008 செப்டம்பரில் அது வந்தபோது வேகத்தைப் பார்த்துவிட்டு நானும் மாறினேன். ஆனால் உங்கள் கைக்கு வரும் போனில் அது உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் வேகம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் கடை ஏலம் விடும்போது, பஸ் வந்து நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே இருக்கிற கடைக்கு எவ்வளவு போட்டி நடக்கும்? இறங்குகிறவர் டீ எங்கே நன்றாக இருக்கும் என்று விசாரிப்பதில்லை, கண்ணுக்கு முன்னால் இருப்பதைக் குடித்துவிட்டுப் போகிறார். போனின் முதல் திரை அந்த முகப்புக் கடை.

அதன் வாடகை எவ்வளவு தெரியுமா? ஐபோனோடு வரும் சஃபாரி பிரவுசரில் கூகுள் தேடலே முதலில் நிற்பதற்காக 2022 என்ற ஒரே வருடத்தில் ஆப்பிளுக்குக் கூகுள் கொடுத்தது 2,000 கோடி டாலர். கூகுள் மீது அமெரிக்க அரசு போட்ட வழக்கில் வெளியே வந்த கணக்கு இது. ஆண்ட்ராய்டில் வேறு வழி: பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் குரோமையும் தேடலையும் சேர்த்தே ஏற்ற வேண்டும் என்று போன் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. பிளே ஸ்டோர் இல்லாத போனை உங்கள் ஊரில் யார் வாங்குவார்? இதற்காகத்தான் நம் நாட்டுப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது, மேல்முறையீட்டிலும் அந்தத் தொகை நின்றது. அமெரிக்காவில் நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில், தேடலில் கூகுள் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்று தீர்ப்புச் சொன்னார். சரி, அப்புறம் என்ன ஆனது? 2025 செப்டம்பரில் குரோமை விற்க வேண்டாம், பணமும் கொடுக்கலாம், மற்றவர்களை உள்ளே விடாத ஒப்பந்தம் கூடாது என்று அதே நீதிபதி உத்தரவிட்டார். எனக்கு இது போதவில்லை. முகப்புக் கடைக்குப் பணம் கொடுக்க முடிகிற வரைக்கும் பணக்காரன்தான் அங்கே இருப்பான்.

புதுப் போனை செட் பண்ணித் தரும்போது, வேறு பிரவுசரும் இருக்கிறது, போடட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

கிருஷ்ணகிரி கல்லூரி மாணவி: எட்ஜ், பிரேவ், ஓபரா எல்லாமே உள்ளே குரோமியம்தான் என்கிறார்கள். இத்தனை பெயர் இருந்தும் போட்டி இல்லை என்று அர்த்தமா?

கிட்டத்தட்ட அப்படித்தான் அம்மா. குரோமியம் என்பது குரோமுக்கு அடித்தளம், யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் பிரவுசரைக் கட்டிக்கொள்ளலாம் என்று கூகுள் திறந்து வைத்த நிரல். லேலண்ட் சேசிஸ் ஒன்றை வாங்கி ஒருவர் கரூரில் பாடி கட்டுகிறார், இன்னொருவர் வேறு ஊரில் கட்டுகிறார், பெயின்ட் வேறு, சீட் வேறு, ஓடுவது ஒரே இன்ஜின். நம் ஜோஹோ கம்பெனியின் 'உலா' பிரவுசரும் குரோமியம் மேல் கட்டியதுதான். தனி இன்ஜின் என்று பெரிதாக மிஞ்சியிருப்பது ஃபயர்பாக்ஸும் ஆப்பிளின் சஃபாரியும். அந்த ஃபயர்பாக்ஸுக்கும் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் கொடுப்பது.

ஒரே ஆள் ஜெயித்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தவன் நான். விண்டோஸோடு தன் எக்ஸ்ப்ளோரர் பிரவுசரை இலவசமாகச் சேர்த்துக் கொடுத்து, அதற்கு முன் முன்னணியில் இருந்த நெட்ஸ்கேப் பிரவுசரை மைக்ரோசாஃப்ட் ஓரங்கட்டியது, எதிராள் போனதும் தூங்கிவிட்டது. எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது 2001இல், அடுத்தது 2006இல். அந்தக் காலத்தில் தருமபுரியில் ஒரு பிரவுசிங் சென்டரில் தங்கச்சிக்காகத் தேர்வு விண்ணப்பம் நிரப்பினேன். வைரஸுக்குப் பயந்து கடைக்காரர் ஃபயர்பாக்ஸ் மட்டும் வைத்திருந்தார். மூன்று பக்கம் நிரப்பி, டிடி நம்பர் போட்டு, கீழே வந்தால் அழுத்த வேண்டிய பட்டன் இருக்கும் இடத்தில் வெறும் சாம்பல் கட்டம். பக்கத்தைச் செய்தவர் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் பார்த்துவிட்டு விட்டிருக்கிறார். கடைசி நாள் வேறு. நானும் தங்கச்சியும் மூச்சு வாங்க இன்னொரு சென்டருக்கு ஓடி முதலிலிருந்து நிரப்பினோம். இன்று குரோமில் மட்டும் சோதித்துவிட்டு விடுகிற பக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சாம்பல் கட்டம்தான் ஞாபகம் வருகிறது. நீங்கள் பிராஜெக்ட் செய்தால் ஃபயர்பாக்ஸிலும் ஒரு முறை திறந்து பாருங்கள்.

ஓசூர் வாசகர்: என் தங்கை இங்கே ஐபோன் பாகங்கள் செய்யும் ஆலையில் சேர்ந்திருக்கிறாள். இந்தக் கம்பெனிகள் சண்டையில் அவள் வேலைக்கு ஆபத்து வருமா?

இப்போதைக்கு ஆப்பிள் இந்தியாவில் உற்பத்தியை ஏற்றிக்கொண்டே போகிறது. ஆனாலும் பொய் தைரியம் சொல்ல மாட்டேன். ஆண்ட்ராய்டிடமும் ஐபோனிடமும் நோக்கியா தோற்று, போன் வியாபாரத்தையே மைக்ரோசாஃப்டுக்கு விற்றது. ஸ்ரீபெரும்புதூர் ஆலை வரிப் பிரச்சினையில் அந்த விற்பனையில் சேராமல் 2014 நவம்பரில் நின்றுபோனது. அங்கே லைனில் நின்ற பிள்ளைகள் ஒரு தப்பும் செய்யவில்லை. தங்கையிடம் சொல்லுங்கள்: பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் நம்பர் கையில் இருக்கட்டும், மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று பார்க்கட்டும், ஒரே மெஷினில் நில்லாமல் பக்கத்து மெஷினையும் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும்.