லீ குவான் யூ விட்டுச்சென்றது என்ன?

லீ குவான் யூவை வளர்ச்சியின் நாயகராகக் கொள்வதா, அடக்குமுறையாளராகக் கொள்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். 1959 முதல் 1990 வரை சிங்கப்பூரின் பிரதமராக இருந்த அவரை இவ்விரண்டில் ஒன்றுக்குள் அடக்க முடியாது என்பதே என் கருத்து.

அவர் விட்டுச்சென்றவற்றில் நான் முதலில் வைப்பது வீடு. 1961-இல் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் மூண்ட தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தபோது, முந்தைய ஆண்டுதான் தொடங்கப்பட்டிருந்த அரசு அமைப்பான வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அதே இடத்தில் அடுக்குமாடிகளை எழுப்பியது. 1968 முதல், சம்பளத்தில் கட்டாயமாகப் பிடித்துவைக்கப்படும் மத்திய சேம நிதிச் சேமிப்பைக் கொண்டே தொழிலாளர்கள் அவ்வீடுகளை வாங்க முடிந்தது. 1989-இல் ஒவ்வொரு அடுக்குமாடிக் கட்டடத்திலும் இன விகிதம் வரையறுக்கப்பட்டதால், சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் அண்டை வீட்டாராயினர். ஆனால் தன் வீட்டை யாருக்கு விற்பது என்னும் உரிமை அதனால் சுருங்கியதும் உண்மையே. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்றாக நிலைத்ததை நாம் நன்றியுடன் நினைக்கிறோம்.

இருப்பினும், 1966-இல் கைதான முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் சியா தை போ, விசாரணையே இன்றி 1989 வரை சிறையில் வைக்கப்பட்டார். அதன்பின் செந்தோசாத் தீவில் தங்கவைக்கப்பட்ட அவர்மீதான கட்டுப்பாடுகள் 1998-இல்தான் முழுமையாக நீங்கின. நாட்டின் நிலைத்தன்மைக்கு இது தேவைப்பட்டது என்னும் வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை.