மாமியைத் திருப்ப இன்னொரு கை

அன்புள்ள அக்கா,

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறேன். போன மாதம் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். நோயாளியை உடம்பு, மனம், குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்த ஒரு முழு ஆளாகப் பார்க்க வேண்டும், அதற்கு முதலில் தாதி தன்னைக் கவனிக்க வேண்டும் என்றார்கள். மூச்சுப் பயிற்சி, தியானம், பிடித்த பாட்டுக் கேட்பது. நல்லதுதான். ஆனால் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனால் பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடக்கிற மாமி. படுக்கைப்புண் வராமல் இருக்க இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பித் திருப்ப வேண்டும். இவரின் அண்ணன்மார் இரண்டு பேரும் கனடாவில். காசு அனுப்புவார்கள், வீடியோவில் அம்மாவைப் பார்த்து அழுவார்கள். நான் எந்த நேரத்தில் தியானம் செய்வது? கோபத்தில் எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

ஒரு தங்கச்சி

தங்கச்சி,

குறை நினைக்க என்ன இருக்கிறது. நித்திரை இல்லாத ஆளுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தால் கோபம் வரத்தான் செய்யும்.

பயிற்சியில் சொன்னது பிழை இல்லை, பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1981இல் இந்த வகைத் தாதியத்துக்கென்றே தாதியர் ஒரு சங்கம் தொடங்கினார்கள், அவர்கள் வகுத்த ஐந்து அடிப்படைகளில் தாதி தன்னைப் பார்த்துக்கொள்வதும் ஒன்று. அதற்கு முன்பே லண்டனில் சிசிலி சோண்டர்ஸ், தாதியாகத் தொடங்கிப் பிறகு டொக்டருக்குப் படித்து 1967இல் சாகக் கிடக்கிறவர்களைப் பராமரிக்கிற சென்ற் கிறிஸ்ரோபர்ஸ் ஹொஸ்பிஸைத் திறந்தவர், நோவு உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் வீட்டிலும் கடவுளோடு வைத்திருக்கிற கணக்கு வழக்கிலும் சேர்ந்தே கிடக்கிறது என்று சொல்லிவிட்டார். எல்லாம் சரி. ஆனால் ‘உன்னைப் பார்த்துக்கொள்’ என்பதையும் பராமரிக்கிறவளே தனியாகச் செய்து முடிக்க வேண்டிய இன்னொரு வேலையாக ஆக்கினால், ஏற்கனவே நிறைந்த தலையில் இன்னொரு சுமை, அவ்வளவுதான். பராமரிக்கிறவருக்கு முதலில் தேவை மணித்தியாலங்கள். அந்த மணித்தியாலங்கள் இன்னொருவரின் கையிலிருந்துதான் வர வேண்டும்.

புளோரன்ஸ் நைற்றிங்கேல் இதை எழுதி 160 வருசத்துக்கு மேலாகிறது. நீ நிற்கும்போது நடக்கிற வேலை நீ இல்லாதபோதும் நடக்கும்படி ஒழுங்கு செய்யத் தெரியாவிட்டால் உன் நல்ல தாதியம் அத்தனையும் வீண் என்பது அவருடைய கருத்து. விளக்கேந்திய சீமாட்டி என்று படம் போட்டு வைத்திருக்கிறோம், இந்தப் பக்கத்தை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். ஒட்டுசுட்டான் பக்கம். 2009இல் ஷெல் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழே இயக்கம் இல்லாத மகன், பார்க்கிறது தாய். கட்டில் கால்களுக்குக் கீழே சீமெந்துக் கல் வைத்து உயர்த்தியிருந்தா, குனிந்து குனிந்து நாரி முறியக்கூடாதென்று. தலைமாட்டில் ஒரு சிஆர் கொப்பி, நூலில் கட்டித் தொங்கியது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு எழுதுவித்தது. ‘இடப்பக்கம் திருப்பினால் முழங்கால்களுக்கு இடையில் சின்னத் தலையணை. குதிக்கால் மெத்தையில் முட்டக்கூடாது. மூத்திரம் சேரும் பை முக்கால் நிறைய முதல் வெறுமையாக்கு. கோபப்பட்டால் ரேடியோவைப் போட்டுவிட்டு வெளியே இரு.’ அந்தக் கடைசி வரியை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் காணவில்லை. கொப்பி இருந்தபடியால் மச்சாள் வந்தாலும் பக்கத்து வீட்டுக்காரி வந்தாலும் வேலை நடந்தது. அந்தத் தாய் திங்கட்கிழமைகளில் வற்றாப்பளை அம்மனிடம் போய் வருவா. போனால் பின்னேரம்தான் வருவா, யாரும் போன் பண்ணுவதில்லை.

அந்தக் கொப்பிதான் உங்களுக்கும் வேண்டியது. மாமியைப் பற்றி உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிறதெல்லாம் அதில் வர வேண்டும். சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி இருத்துவது, எந்தக் கன்னத்தில் சோறு தங்கும், இழுத்துக்கொண்ட கையைப் பிடித்துத் தூக்கக்கூடாது (தோள் மூட்டு இறங்கிவிடும், வீட்டில் பாசமாய்த் தூக்குகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள்). உங்கள் கணவர் இதைப் படித்து ஒரு இரவு செய்யட்டும். ஆம்பிளைக்குச் சரிவராது என்று மாமியே சொல்லலாம். மலசலம் துடைப்பதை விடுங்கள், திருப்பிப் போட என்ன சரிவராது?

அப்புறம் அந்த இரண்டு மணித்தியாலக் கணக்கு. அது வார்ட்டுப் பழக்கம், எல்லோருக்கும் எப்போதும் பொருந்துகிற சட்டம் இல்லை. இங்கிலாந்தின் 2014 வழிகாட்டலில் படுக்கைப்புண் வரக்கூடியவருக்குக் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, கூடுதல் ஆபத்துள்ளவருக்கு 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்றுதான் இருக்கிறது. உடனே மாற்றச் சொல்லவில்லை. நம்முடைய வெக்கையில் வியர்வையும் ஈரமும் தோலைக் கெடுக்கும், மாமிக்கு சீனி வருத்தம் இருந்தால் அது வேறு கதை. உங்கள் வார்ட் சிஸ்டரோடும் பிசியோவோடும் கதைத்து, நல்ல மெத்தையும் சரியான சாய்வும் இருந்தால் நடுச்சாமத்தில் ஒரு நீண்ட இடைவெளி விட முடியுமா என்று பாருங்கள். காலையில் நாரி, இடுப்பெலும்பு, குதிக்கால் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். நம்முடைய நிறத்தில் சிவப்பு லேசில் தெரியாது, சூடாகவோ கல்லுப் போலவோ இருந்தால் இடைவெளியைக் குறையுங்கள். இது உங்களுக்குத் தெரிந்ததுதான், படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். தொடர்ந்து நாலு மணித்தியாலம் நித்திரை கிடைத்தால் ஆளே வேறு ஆள்.

கனடா அண்ணன்மாருக்கு வருவோம். ‘கஷ்டமாக இருக்கிறது’ என்று சொல்லாதீர்கள், ஆறுதல்தான் கிடைக்கும். கிழமைக்கு இரண்டு இரவு வந்து நிற்க ஒரு ஆளுக்குச் சம்பளம் என்று கேளுங்கள். வரும்போது ஒரு மாதம் நின்று பார்க்க வேண்டும் என்றும் கேளுங்கள். அழுகையை நிறுத்திவிட்டு லீவு போடலாம்.

ஊருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. வன்னியில் ஒரு சாவு விழுந்தால் மரணாதாரச் சங்கம் கதிரை, கொட்டில், பந்தம் என்று எல்லாவற்றோடும் வந்து நிற்கும், யாரும் கூப்பிடத் தேவையில்லை. ஆனால் அந்த மனிசி படுக்கையில் கிடந்த ஐந்து வருசம் யாரும் வருவதில்லை. முறை வைத்துப் பார்க்கக்கூடிய சித்தியும் மாமாவும் பாதிப் பேர் 2009ஓடு போய்விட்டார்கள், மிச்சப் பேர் கடல் தாண்டிவிட்டார்கள், ஆகவே வீட்டில் மிஞ்சியிருக்கிற ஒரு பெண்ணின் முதுகில் எல்லாம் ஏறி நிற்கிறது. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தீராத நோயாளிகளின் நோவு தணிக்கத் தொடங்கிய ஒரு முயற்சி பிறகு மலப்புறத்தில் அயல்சனமே முறை வைத்து நோயாளி வீடுகளுக்குப் போகிற அளவுக்கு வளர்ந்தது. அங்கே முடிந்தது நம்முடைய மாதர் சங்கத்துக்கு முடியாதா? மாதாந்தக் கூட்டத்தில் நீங்களே கேட்க வேண்டாம், உங்களுக்கு நேரம் இல்லை. இதைப் படிக்கிற முள்ளியவளை, புதுக்குடியிருப்பு ஆட்கள் யாராவது கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் நான் கண்டிப்பு. மாமியின் கிளினிக் திகதி உங்களுக்கு மனப்பாடம், உங்கள் பிரஷரை எப்போது பார்த்தீர்கள்? வார்ட்டில் மெஷின் பக்கத்திலேயே இருக்கிறது. நித்திரை கிடைத்த பிறகும் மனம் பாரமாகவே இருந்தால், மாமி செத்தால் நிம்மதி என்று நினைப்பு வந்து அதற்காக உங்களையே திட்டிக்கொண்டிருந்தால் (வரும், நிறையப் பேருக்கு வந்திருக்கிறது, அதனால் நீங்கள் கெட்டவர் இல்லை), ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஒரு வார்த்தை கதையுங்கள், அல்லது 1926க்கு, அது தேசிய மனநல உதவி இலக்கம், போன் அடியுங்கள்.

கொப்பியில் முதல் பக்கம் எழுதியதும் படம் எடுத்து அனுப்புங்கள், விடுபட்டது இருந்தால் சேர்த்துத் தருகிறேன். முதல் வாசகர் உங்கள் கணவர் என்று நினைத்து எழுதுங்கள், கையெழுத்து விளங்க வேண்டும்.