மயிலாடுதுறை மாவட்டக் கடலோர ஊர்களை ஒரே நாளில் சுற்றிப் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் பாதி நாளைத் தரங்கம்பாடிக்கே ஒதுக்கிவிடுங்கள். டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டையை எல்லோரும் பார்ப்பார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது ராஜவீதிதான்: ஊர் வாசல், 1718-இல் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்க் எழுப்பிய புதிய எருசலேம் தேவாலயம் எல்லாம் நடக்கும் தூரத்தில். கடலோரமாக மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் காலத்தது. முன்பகுதியைக் கடல் எப்போதோ அரித்துவிட்டது. 1845-இல் ஊரே ஆங்கிலேயரிடம் விலைக்குப் போனது.

சாயங்காலம் பூம்புகார். பழைய நகரத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். சிலப்பதிகாரக் கலைக்கூடம் சரி, ஒருமுறை பார்க்கலாம். பல்லவனேஸ்வரத்தில் தோண்டியெடுத்த புத்த விகாரையின் செங்கல் அடித்தளத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெயில் தாழ்ந்தபின் போங்கள், குடிதண்ணீர் கையில் இருக்கட்டும்.