சி7 கார்வெட்: டிராக்குக்கு எந்த மாடல் காசுக்குத் தகுந்தது?

சி7 கார்வெட்டை (செவ்ரோலே கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் ஏழாம் தலைமுறை) செகண்ட் ஹேண்டில் வாங்கி மாதம் ஒருமுறை ரேஸ் டிராக்கில் ஓட்டணும், அடிப்படை மாடலான ஸ்டிங்ரேயில் இசட்51 பேக்கேஜ் போட்டது, கிராண்ட் ஸ்போர்ட், இசட்06 இதில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் இருக்கிறீர்கள், மானுவல் கியர் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். கிராண்ட் ஸ்போர்ட் எடுங்கள்.

650 எச்பி (குதிரைத்திறன்) இருக்கும்போது கிராண்ட் ஸ்போர்ட்டின் 460 எதற்கு என்று இசட்06 அன்பர்கள் கிளம்புவார்கள். வர்ஜீனியா இன்டர்நேஷனல் ரேஸ்வேயில் கார் அண்ட் டிரைவர் இதழ் எடுத்த லேப் நேரத்தை, அதாவது ஒரு சுற்றுக்கு ஆன நேரத்தை, பாருங்கள். இசட்51: 2 நிமிடம் 53.8 வினாடி. கிராண்ட் ஸ்போர்ட்: 2:47.1. இசட்06: 2:44.6. முதல் இரண்டிலும் ஒரே எல்டி1 இன்ஜின். குதிரை கூடாமலே 6.7 வினாடி குறைந்தது. அதன்மேல் 190 எச்பி ஏற்றியும் மிச்சம் 2.5 வினாடிதான். கடைசி இரண்டு கார்களிலும் டிராக்குக்கான இசட்07 பேக்கேஜின் கப் 2 டயரும் (பிடிமானம் அதிகமுள்ள டயர்) செராமிக் பிரேக்கும் இருந்தனவே என்பீர்கள். ஆமாம், அதைத்தான் நானும் சொல்கிறேன்: நேரத்தைக் குறைப்பது குதிரையைவிடப் பிடிமானமும் பிரேக்கும்தான். இசட்51-இன் பின் டயர் அகலம் 285 மி.மீ. கிராண்ட் ஸ்போர்ட்டில் அது முன் டயர், பின்னால் 335.

இசட்06-இல் சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இன்ஜினின் 'வி' பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. வெயில் நாளில் விடாமல் ஓட்டினால் சூடேறி, கார் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். 2015, 2016 ஆட்டோமேட்டிக்கில் இந்தத் தொல்லை அதிகம். 2017-இல் பானட்டில் பெரிய காற்றுத்துளை வைத்தார்கள். டிராக்கே வேண்டாம், நெடுஞ்சாலை போதும் என்பவருக்கு இசட்06 தங்கம். அதை நான் மறுக்கவில்லை.

கையில் பணம் இடித்தால் இசட்51-உம் மோசமில்லை. டிரை சம்ப் (ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் அமைப்பு), எலக்ட்ரானிக் டிஃபரென்ஷியல் (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிப்பது), அதற்குக் கூலர் எல்லாம் உண்டு. எந்த மாடலானாலும் டிராக்கில் முதல் நாளுக்கு முன்பே டிராக்குக்கான பிரேக் பேட் போட்டு, பிரேக் ஃப்ளூயிடை அதிகக் கொதிநிலை உள்ள டாட் 4 வகைக்கு மாற்றிவிடுங்கள். ஃப்ளூயிட் கொதித்தால் பெடல் தரைக்குப் போகும். டிரை சம்ப் ஆயிலை இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, அணைத்துச் சில நிமிடம் விட்டு அளக்கணும். குளிர்ந்த இன்ஜினில் ஆயில் அளவு குச்சியை நம்பி மேலே ஊற்றி வைக்கிறவர்கள் ஏராளம்.

இன்னொரு வயிற்றெரிச்சல்: ஸ்டிங்ரேயின் ஃபெண்டரில் கிராண்ட் ஸ்போர்ட் பட்டை ஸ்டிக்கர் ஒட்டி, விலையையும் ஏற்றி விற்கிறார்கள். பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்குவீர்களா? பின் டயரின் பக்கவாட்டைப் படியுங்கள், 335 இல்லையென்றால் நடையைக் கட்டுங்கள். இருந்தால் காரை லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து நான்கு சக்கரத்தின் உட்புறத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். சி7 சக்கரங்களில் நெளிவும் மயிரிழை விரிசலும் வரும், வெளியிலிருந்து தெரியாது.

குளிர்ந்த காலையில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பிப் பார்க்கிங்கை விட்டு எடுக்கும்போது முன் டயர் தத்தித் தத்தி நகர்ந்தால் பயப்படாதீர்கள். அகல டயர், ரப்பர் சூடேறவில்லை, அவ்வளவுதான்.