பால் காய்ச்சும் முன் சுவர் காயட்டும்: புது வீட்டுப் பெயிண்ட், கேள்வி பதில்

செங்கோட்டை, தென்காசி சுற்றுவட்டாரத்திலும், மலைக்கு அந்தப்புறம் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரையும் வீடுகளுக்குப் பெயிண்டிங் வேலை எடுத்துச் செய்கிறேன். புது வீடு கட்டுகிறவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

புளியரையிலிருந்து: அண்ணாச்சி, பூச்சு வேலை ஆனிக் கடைசியில் முடிந்தது. ஆவணி முதல் வாரம் பால் காய்ச்சுகிறோம். அதற்குள் உள்ளே முழுக்க பட்டி (சுவரை வழவழப்பாக்கப் பூசும் மாவு) பார்த்துப் பெயிண்ட் அடித்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. நாள் குறித்தது குறித்ததாகவே இருக்கட்டும், பெயிண்டைத் தள்ளிப் போடுங்கள். சிமெண்ட் பூச்சுக்கு ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் விடுகிறோம். அந்த ஈரம் வெளியேற வேண்டும். பூசியதிலிருந்து குறைந்தது 28 நாள் என்பது பொதுவான கணக்கு. அது வெயில் அடிக்கிற ஊருக்குச் சரி. ஆனி, ஆடியில் கணவாய்க் காற்றோடு சாரல் விழுந்துகொண்டே இருக்கும் உங்கள் ஊருக்கு அது போதாது. சுவர் கைக்குக் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். புதுப் பூச்சில் சிமெண்டின் காரத்தன்மையும் அதிகம். மேலே பட்டியும் எமல்ஷனும் (தண்ணீர் கலக்கும் சுவர்ப் பெயிண்ட்) போட்டு மூடிவிட்டால், ஈரம் வெளியே வரும்போது உப்பையும் சேர்த்துக் கொண்டுவரும். முதலில் திட்டுத்திட்டாக நிறம் வெளுக்கும், அப்புறம் வெள்ளையாகப் பூக்கும், கடைசியில் பட்டி பொருக்கு விட்டு உதிரும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தடித்த பிளாஸ்டிக் தாளை ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி, சுவரில் வைத்து நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு முழு நாள் கழித்துப் பிரியுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அந்த இடத்துச் சுவர் மட்டும் கருத்துத் தெரிந்தாலோ இன்னும் காயவில்லை என்று அர்த்தம். நடுச்சுவரில் மட்டும் பார்த்தால் போதாது. தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், பாத்ரூமை ஒட்டிய சுவரில், சாரல் அடிக்கிற பக்கத்தில் என்று மூன்று இடத்திலாவது ஒட்டிப் பாருங்கள்.

விசேஷத்துக்கு வீடு பளிச்சென்று தெரிய ஒரு கோட்டு வெள்ளை சிமெண்ட் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையும் போகட்டும். தை பிறந்ததும் உப்புத்தாள் போட்டுப் பொடியைத் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பட்டி, பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிக்கோட்டு), எமல்ஷன் என்று போகலாம். குடியேறிய வீட்டில் சாமான்களை நகர்த்தி வேலை செய்வது சிரமம்தான், மறுக்கவில்லை. ஆனால் உரிந்த பட்டியைச் சுரண்டி எடுத்து மறுபடி செய்யும்போதும் அதே சாமான்களை நகர்த்தத்தான் வேண்டும், கூலியும் இரண்டாவது முறை கொடுக்க வேண்டும்.

பண்பொழியிலிருந்து: அண்ணா, ஹாலுக்குப் பிஸ்தா பச்சை, படுக்கையறைக்கு லைட் கிரே எடுத்திருக்கிறோம். ஷேட் கார்டில் ரொம்ப அழகாக இருக்கிறது. சரியாக வருமா?

தங்கச்சி, ஹால் ஜன்னலைத் திறந்தால் என்ன தெரிகிறது என்று முதலில் பாருங்கள். வயலோ, தென்னையோ, வாழையோ என்றால், உள்ளே வரும் வெளிச்சமே பச்சை கலந்துதான் வரும். அதில் பிஸ்தா பச்சை நீங்கள் நினைத்ததைவிட ஒரு மடங்கு பச்சையாகத் தெரியும். படுக்கையறை மேற்கே மலையைப் பார்த்து இருக்கிறதா? மலையடிவாரத்தில் வெயில் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. சாரல் மாதங்களில் பகலிலேயே வானம் மூடியிருக்கும். அந்த வெளிச்சத்தில் லைட் கிரே, நீலம் தட்டி மங்கிப் போகும். இந்தப் பக்கத்து வீடுகளுக்குச் சந்தன நிறம், கிரீம், லேசான பீச் போன்றவற்றையே நான் அதிகம் சொல்வது இதனால்தான். கிரே வேண்டும் என்று ஆசையிருந்தால், நீலம் தட்டாமல் மண் நிறம் தட்டிய கிரே எடுங்கள்.

இன்னொன்று, கார்டில் இருக்கும் துண்டு விரல் அகலம். அறையில் நாலு சுவரும் ஒன்றின் நிறத்தை மற்றொன்றின் மேல் அடிக்கும், அதனால் நிறம் ஏறித் தெரியும். பிடித்ததற்கு ஒரு படி இளசாக எடுப்பது நல்லது. சின்ன டப்பா வாங்கி, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒன்று, ஜன்னல் இருக்கும் சுவரிலேயே ஒன்று என இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு கோட்டு அடித்துப் பாருங்கள். காலை, மதியம் பார்த்துவிட்டு, இரவில் நீங்கள் மாட்டப்போகும் அதே பல்பைப் போட்டும் பாருங்கள். வெள்ளை எல்இடியில் கிரீம் வெளிறும், மஞ்சள் வெளிச்சத்தில் பழுக்கும்.

கடையநல்லூரிலிருந்து: பட்டி கட்டாயமா?

கட்டாயமில்லை. பூச்சு நேராக இருந்தால் பிரைமர் அடித்து நேரே எமல்ஷன் அடிக்கலாம், மணல் சொரசொரப்பு தெரியும், அவ்வளவுதான். பட்டி என்றால் மெல்லிசாக இரண்டு கோட்டு. பூச்சின் பள்ளத்தைப் பட்டியால் நிரப்பச் சொல்லாதீர்கள், அது கொத்தனார் சரிசெய்ய வேண்டியது. வெளிச்சுவருக்கு அக்ரிலிக் பட்டி கூடவே கூடாது.

ஆரியங்காவிலிருந்து: வீடு கட்டி ஒரு வருஷம்தான் ஆகிறது அண்ணாச்சி. பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் கீழே ஒரு அடிக்குப் பெயிண்ட் உரிகிறது. நல்ல பெயிண்டாக வாங்கி அடித்தால் நிற்குமா?

நிற்காது. எந்த விலைப் பெயிண்டும் பின்னாலிருந்து வரும் தண்ணீரைத் தாங்காது. பாத்ரூம் டைல் இடுக்குகள், குழாய் இணைப்புகள், தரையும் சுவரும் சேரும் மூலை, இவற்றில் எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து அடைக்க வேண்டும். பிறகு இந்தப் பக்கம் உரிந்த இடத்துக்கு மேலும் ஒரு அடி வரை பட்டியைச் சுரண்டிவிட்டு, சுவரை வெறுமனே காயவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் சோதனையில் தேறிய பிறகு பிரைமர்.

சாம்பவர்வடகரையிலிருந்து: மனைவி மாசமாக இருக்கிறாள். புது வீட்டுப் பெயிண்ட் வாசத்தால் ஏதாவது ஆகுமா? ஈயம் இருக்கும் என்கிறார்களே?

வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. டப்பாவில் அது குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சுவருக்குத் தண்ணீர் கலக்கும் எமல்ஷனில் வாசம் குறைவு. கதவு, கிரில்லுக்கு அடிக்கும் ஆயில் எனாமலும் தின்னரும்தான் நாள்கணக்கில் நெடி அடிக்கும். அந்த வேலையை முதலில் முடித்து, ஜன்னல்களைத் திறந்து போட்டு, நெடி முழுக்கப் போன பிறகு தங்கச்சியை அழைத்து வாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டுத் தேக்குக் கதவு, நிலையைப் புது வீட்டில் வைப்பது நம் பக்கம் வழக்கம். அதில் பல வருஷத்துப் பெயிண்ட் படிந்திருந்தால் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதை உலர்ந்தபடி தேய்க்கவே கூடாது. தூசி மூச்சிலும் போகும், தரையிலும் தங்கும். மாசமாக இருப்பவர்களும் குழந்தைகளும் அந்த வேலை நடக்கும் இடத்துக்கே வரக் கூடாது. கதவைக் கழற்றி வெளியே கொண்டுபோய், நனைத்துத் தேய்த்து, வரும் கசடைத் துணியால் வழித்துப் பையில் கட்டச் சொல்லுங்கள்.

பாவூர்சத்திரத்திலிருந்து: 10க்கு 12 அறை, உயரம் 10 அடி. எத்தனை லிட்டர் வாங்கலாம்?

நாலு சுவரும் 440 சதுர அடி. ஒரு கதவு, ஒரு ஜன்னல் கழித்தால் ஏறத்தாழ 400. வாங்கும் டப்பாவில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 100 சதுர அடி என்று போட்டிருந்தால் 4 லிட்டர். சீலிங் 120 சதுர அடி, அதற்குத் தனியாக வெள்ளை. ஒரே நிறத்தில் இரண்டு மூன்று டப்பா வந்தால், அடிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டிக் கலக்குங்கள். கடை மெஷினில் கலந்தாலும் டப்பாவுக்கு டப்பா நூலிழை வித்தியாசம் வரலாம், அது சுவர் நடுவில் தெரிந்தால் மறைக்க முடியாது. அரை லிட்டர் மீதி இருக்கும்படி வாங்கி, டப்பா மூடியில் ஷேட் நம்பரை எழுதி வையுங்கள். பின்னால் ஆணி அடித்த இடத்துக்கு அது வேண்டியிருக்கும்.